நிலைக்கு வரும் வேகம்

கடைசி எட்டுத் தாளக்கட்டு மட்டும்தான் பாக்கி. அதில் பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகி நிற்க வேண்டும், மரியதாஸ் அண்ணன் கேட்டது அவ்வளவுதான், மாதா திருவிழாவுக்கு அவரே எழுதிப் பாடியிருக்கிற தேர்ப்பாட்டு, மதியம் நான் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் போன் பண்ணிவிட்டார். "தம்பி பெனடிக்ட், பாட்டு அருமையா வந்திருக்குய்யா, ஆனா முடியவே மாட்டேங்குதே, சத்தம் கொறஞ்சு கொறஞ்சு எங்கேயோ போயிடுது, தேர் நிலைக்கு வர்ற மாதிரி வேணும், ஆடி ஆடி வந்து நிக்கும்ல, அந்த மாதிரி." சரிண்ணே என்றேன். "உன் பாட்டு எதுவுமே முடியறதில்ல தம்பி, ரெண்டு வருசமாப் பாக்குறேன்," என்றார், சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு காதிலேயே இருக்கிறது. ரெண்டு வருசம் என்று அவர் ஏன் சொன்னார், ஒரு பேச்சுக்குத்தான் சொல்லியிருப்பார், அவருக்கு என்ன தெரியும். கம்ப்யூட்டர் திரையில் பாட்டு கட்டம் கட்டமாக விரிந்து கிடக்கிறது, ஒவ்வொரு கட்டமும் ஒரு அடி, பெரிய ட்ரம் கீழ் வரிசையில், தட்டு மேல் வரிசையில், இந்த அறையில் நிஜ ட்ரம்ஸ் வைக்க இடம் ஏது, பழைய மெத்தையைச் சுவரில் ஆணியடித்து மாட்டிய படுக்கையறை, பொன்மலைப்பட்டியில் இப்படி ஒரு அறையில்தான் நான் சர்ச் பாட்டுகளுக்கும் கல்யாண வீடியோக்களுக்கும் தாளம் வரைகிறேன். ஆமாம், வரைகிறேன், அடிப்பதில்லை. எல்லாக் கட்டங்களுக்கும் மேலே ஒரு கோடு ஓடுகிறது, அதுதான் வேகம், அது நேராக இருந்தால் பாட்டு நேராகப் போகும், அதைப் பிடித்துக் கீழே இழுத்தால் பாட்டு தளரும். பிடித்து இழுத்தால் போதும். பிடிக்கிறேன், சுட்டியை அழுத்தியபடியே இருக்கிறேன், இழுக்கவில்லை.

ஃபேனைப் போடலாம், இப்போது மைக் எதுவும் ஓடவில்லை, ஆனால் ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டக் போடும், நான் அதை எண்ண ஆரம்பித்துவிடுவேன், வியர்க்கட்டும். காலையில், நான் தாளம் வரைகிற இந்த மென்பொருளை எழுதுகிற ஆளிடமிருந்து மெயில் வந்திருந்தது, ஏதோ குளிர் நாட்டில் தனியாக உட்கார்ந்து எழுதுகிறவர், அடுத்த பதிப்பில் உங்களுக்கு என்னென்ன வசதி வேண்டும், தயங்காமல் எழுதுங்கள் என்று. வருசா வருசம் கேட்பார், வருசா வருசம் நானும் எழுதுவேன். ட்ரம்மருக்கு இரண்டு கைதான், ஆனால் உங்கள் மென்பொருள் ஒரே நேரத்தில் நான்கு இடத்தில் அடிக்க விடுகிறது, அதைத் தடுத்தால் நல்லது என்று ஒரு தடவை எழுதினேன், நல்ல யோசனை என்று பதில் வந்தது, இன்னும் நான்கு கையோடுதான் இருக்கிறது. அதில் மனிதர் வாசிப்பது போல ஆக்க ஒரு குமிழ் உண்டு, திருகினால் அடிகள் கொஞ்சம் முன்னும் பின்னும் நகரும், ஆனால் அது சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுகிற மாதிரி, மனுசன் அப்படியா தப்பு பண்ணுவான், மனுசன் கை வலித்துத்தான் தாமதிப்பான், பயந்து போய்த்தான் முந்துவான். இடது கை வலது கையைவிட மெலிந்திருக்கட்டும், மூன்றாவது சரணத்துக்குள் தோள் களைத்திருக்கட்டும் என்று போன வருசம் எழுதியபோது என் மனைவி ஜெசிந்தாதான் என் இங்கிலீஷைத் திருத்தினாள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்றாலும் இங்கிலீஷும் அவளுக்கு நன்றாக வரும், "மெஷினுக்குத் தோள் வலிக்கணும்னு கேக்குற ஒரே ஆள் நீங்கதான்," என்று சொல்லிக்கொண்டே திருத்தினாள். இந்த வருசம் நான் கேட்க நினைப்பதை அவளிடம் திருத்தக் கொடுக்க முடியாது. ஐயா, வேகக் கோட்டை மேலிருந்து கீழே இழுக்கும்போது நடுவில் ஒரே ஒரு எண்ணைத் தொடாமல் போக வழி செய்து தர முடியுமா. எதற்கு என்று கேட்பார். என்ன எழுதுவேன்.

இன்னொன்றும் கேட்கலாம். திறந்ததும் முதலில் தெரிகிற பக்கத்தில், கடைசியாக வேலை பார்த்த பாட்டுகளின் பெயர்கள் வரிசையாக நிற்குமே, அதில் ஒன்றை மட்டும் மறைக்க முடியுமா. ஜூனியர் என்று பெயர். மற்ற பாட்டுகளைத் திறக்கத் திறக்க அது கீழே கீழே போகும், இன்னும் ஒரு பாட்டைத் திறந்தால் வரிசையை விட்டே விழுந்துவிடும் என்கிற நிலைக்கு வரும், விழுந்தால் நிம்மதி என்றுதான் நினைப்பேன், அன்றைக்குப் பார்த்து என் கை அதைத் திறந்துவிடும். ஓட்டிக் கேட்க மாட்டேன். திறப்பேன், மூடுவேன், அது மறுபடி வரிசையின் உச்சிக்கு வந்து நிற்கும். அழிப்பதற்கு ஒரு நொடி ஆகாது, ஜெசிந்தாவுக்கும் அது இருப்பது தெரியும், ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. இரண்டு வருசத்துக்கு முன்னால் ஜெசிந்தாவின் முதல் ஸ்கேனில் டாக்டரம்மா மெஷினில் ஒரு பொத்தானை அழுத்தியதும் வந்த சத்தம் அது, அதுவரை அறையில் நாங்கள் மூன்று பேர், அழுத்தியதும் நான்காவது ஆள் ஓடிவருகிற சத்தம், ஈரத் தரையில் சின்னச் செருப்போடு ஓடுகிற மாதிரி, நான் கேட்டுக்கொண்டு போனில் பதிவு பண்ணினேன். நூற்று அறுபத்து நான்கு. எண்ணவில்லை, என் காது தானாகச் சொன்னது, திரையிலும் அதேதான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அந்தச் சத்தத்தை வெட்டி, சுத்தம் செய்து, பெரிய ட்ரம் இருக்கும் வரிசையில் போட்டு, மேலே மணியும் சலங்கையும் சேர்த்து ஒரு பாட்டு பண்ணினேன், ஜெசிந்தா கட்டிலில் படுத்தபடி கேட்டுவிட்டு, "ரொம்ப வேகமா இருக்குங்க, இதுக்கு யாரு ஆடுறது," என்றாள். வயிற்றைக் காட்டி, ஆடுறவங்க ஆடட்டும் என்றேன். அது ஒரு மழைநாள், ரயில்வே ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியது, கீழ்வீட்டில் மீன் பொரித்தார்கள், அவளுக்குக் குமட்டியது, நாங்கள் சிரித்தோம்.

காதைப் பற்றித்தான் யாரிடமாவது முறையிட வேண்டும், மென்பொருளில் கூட தாளம் எண்ணுகிற டிக் டிக் வேண்டாமென்றால் அணைத்து வைக்கலாம், என்னிடம் அந்தப் பொத்தான் இல்லை. பதினான்கு வயதில் சர்ச்சில் ட்ரம்ஸ் குச்சியைப் பிடித்ததிலிருந்து எந்தச் சத்தம் கேட்டாலும் எண்தான் வருகிறது, சிக்னலில் நிற்கிற பைக், தண்ணீர் சொட்டுகிற குழாய், அப்பாவை ஐசியூவில் போட்டிருந்தபோது பக்கத்துக் கட்டில் மெஷின்கூட. அதை ஒரு திறமை என்று சொல்லி வந்தேன், மரியதாஸ் அண்ணன்கூட ஆட்களிடம் சொல்லிப் பெருமைப்படுவார், தம்பிக்குக் காதுக்குள்ளயே கடிகாரம் இருக்கு என்று. இரண்டாவது ஸ்கேனுக்குப் போனபோது ஜெசிந்தா மாதுளம்பழ நிறச் சேலை கட்டியிருந்தாள், நான் அவள் கால்மாட்டில் நின்றேன், டாக்டரம்மா யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்து ஸ்கேன் குழாயை வயிற்றில் வைத்தார், பொத்தானை அழுத்தினார். வந்தது. ஆனால் ஓடி வரவில்லை. நடந்து வந்தது. எண்பத்தாறு. என் காது சொல்லிவிட்டது, அது ஏன் தப்பாகச் சொல்லக் கூடாது, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தப்பாகச் சொல்லக் கூடாதா, இல்லை, எண்பத்தாறு, கிட்டத்தட்டப் பாதிதான் வருகிறது, ஒருவேளை மெஷின் ஒன்று விட்டு ஒன்றைக் காட்டுகிறதோ, ஒருவேளை ஜெசிந்தாவின் துடிப்பே குறுக்கே வருகிறதோ, டாக்டரம்மா ஒன்றும் சொல்லாமல் குழாயை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார், ஜெசிந்தா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது, அவள் சிரிக்கிறாள், நான் சிரிக்கிறேன், சத்தம் நடந்துகொண்டே இருக்கிறது, அந்த அறையைவிட்டு நான் இன்னும் வெளியே வரவில்லை என்றுதான் சில சமயம் தோன்றுகிறது. கொஞ்சம் மெதுவா இருக்கு, ஒரு வாரம் கழிச்சுப் பாப்போம் என்றார் டாக்டரம்மா. அந்த ஒரு வாரம் முழுக்க நான் எந்த வேலையும் எடுக்கவில்லை, ஜெசிந்தா பரீட்சைத் தாள் திருத்தினாள், ஒரு வாரம் கழித்துப் போனபோது பொத்தானை அழுத்தியதும் காற்றடிக்கிற மாதிரி ஒரு இரைச்சல் மட்டும் வந்தது, வேறொன்றும் இல்லை, அதற்கு எண் கிடையாது.

அதிலிருந்துதான் எதையும் தளரவிடுவதில்லை. ஒரே வேகத்தில் ஓட்டி, சத்தத்தை மட்டும் இறக்கிவிடுவேன், கேட்கிறவர்களுக்குப் பாட்டு தூரமாய்ப் போய்விட்டது என்று இருக்கும், போகட்டும், தூரமாய்ப் போய் எங்கோ ஓடிக்கொண்டிருக்கட்டும். இப்போது இந்தத் தேர்ப்பாட்டு நூற்றுப் பன்னிரண்டில் ஓடுகிறது, நிலைக்கு வர அறுபதுவரை இறங்க வேண்டும், இறங்கினால் எண்பத்தாறைத் தாண்டாமல் முடியாது. கோட்டைப் படிக்கட்டு மாதிரி உடைத்துப் பார்த்தேன், தொண்ணூறில் இருந்து ஒரே தாவலில் எழுபத்தைந்துக்கு, ஓட்டிப் பார்த்தால் தேர்ச்சக்கரம் பள்ளத்தில் விழுந்த மாதிரி இருக்கிறது, மாதாவே குலுங்கிப் போவாள். மறுபடி சாய்வாக இழுக்கிறேன். ஓட்டுகிறேன். நூறு, தொண்ணூற்று ஐந்து, தொண்ணூறு, கை தானாகப் போய் நிறுத்திவிடுகிறது. மறுபடி. தொண்ணூறு, எண்பத்தெட்டு, நிறுத்திவிடுகிறது. இதென்ன பைத்தியக்காரத்தனம், இது தோலும் தகரமும், எவனோ எந்த ஊரிலோ அடித்துப் பதிவு பண்ணிக்கொடுத்த அடி, இதற்கு உயிர் கிடையாது, தளர்ந்தால் தளரட்டும். ஆனால் இன்றைக்கு வேண்டாம். நாளைக்குப் பண்ணலாம். இன்றைக்குச் சாயங்காலம் ஜெசிந்தாவுக்கு ஸ்கேன். இந்தத் தடவை நாள் தள்ளிப்போய் மூன்று மாதம் ஆகப்போகிறது, யாருக்கும் சொல்லவில்லை, அவள் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை, நாங்கள் இருவருமே ஒருவருக்கொருவர் சரியாகச் சொல்லிக்கொள்ளவில்லை, அவள் ஒருநாள் காலையில், "நாள் தள்ளிப் போயிருக்குங்க," என்றாள், நான் "சரி," என்றேன், கடையில் என்ன வாங்க வேண்டும் என்று கேட்டேன். இந்தத் தடவை முதல் ஸ்கேனுக்கு நான் உள்ளே போகவில்லை. பைக் நிறுத்த இடமில்லை, நீ போ, நிறுத்திவிட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டு, காலியாகக் கிடந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எல்லாம் நல்லாருக்காம் என்று அவளே வெளியே வந்து சொன்னாள், பைக் எங்கே என்று கேட்கவில்லை. இன்றைக்கு என்ன சொல்வது. அண்ணன் அவசரமாகப் பாட்டு கேட்கிறார், நீ ஆட்டோவில் போய்விடு, பின்னாடியே வந்துவிடுகிறேன். இதைத்தான் மதியத்திலிருந்து வாய்க்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அவசரமாகக் கேட்கிறார் என்பது பொய்யில்லை. நான் உள்ளே போகாவிட்டால் என் காது எதையும் சொல்லாது, என் காது சொல்லாவிட்டால் அது நடக்காது, அப்படி ஒன்றும் இல்லை என்று தெரியும், தெரிந்தும் அந்த நினைப்பு போன ஸ்கேனிலிருந்து கூடவே வருகிறது, நான் பைக்கில் சுற்றினேன், எல்லாம் நல்லாயிருந்தது, அப்படியானால் இன்றைக்கும் சுற்றினால்.

கதவு திறந்தது. ஜெசிந்தா. கையில் தண்ணீர் பாட்டில், ஸ்கேனுக்கு வயிறு முட்டக் குடித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். "என்னங்க, ஃபேன் போடாம இப்படி வேர்த்து ஊத்திக்கிட்டு," என்று சுவிட்சைத் தட்டினாள், ஃபேன் டக் போட்டுச் சுற்ற ஆரம்பித்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "வேலை முடியலயா?"

"அண்ணன் ஒரு மாத்தம் கேட்டாரு. அதான், ஜெசி, நீ ஒரு ஆட்டோ பிடிச்சு..."

"என்ன மாத்தம்?"

"முடிவுல தளர்ந்து நிக்கணுமாம்."

"போடுங்க, கேக்கலாம்."

"இன்னும் சரியா வரல."

"வந்த வரைக்கும் போடுங்க."

அவள் பக்கத்தில் இருக்கும்போது கையை எப்படி நிறுத்த விடுவது, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன், அவளே எட்டி கீபோர்டின் நீளப் பொத்தானைத் தட்டினாள். மரியதாஸ் அண்ணனின் குரல் கடைசி வரிக்கு வந்தது, கோடு இறங்க ஆரம்பித்தது, நூறு, தொண்ணூறு, எண்பத்தாறு வந்தது, ஒரு அடி, இன்னொரு அடி, நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன், அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அது தாண்டிப் போய்விட்டது, எண்பது, எழுபது, சலங்கை ஒன்று கடைசியாக உதறி நின்றது. அறையில் ஃபேன் மட்டும்.

"நல்லாத்தானே நிக்குது," என்றாள். பிறகு பாட்டில் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டே, "ஆட்டோவெல்லாம் வேணாம். நீங்க வாங்க. உள்ள வாங்க," என்றாள்.

"ஜெசி, என்னால..."

"தெரியும்ங்க. அன்னைக்கே தெரியும்." அவள் குரல் உயரவில்லை, வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்கை விளக்குகிற குரல். "மொத ஸ்கேன்ல என் கால்மேல கை வச்சுக்கிட்டு விரலால தட்டிக்கிட்டே இருந்தீங்க, அந்தச் சத்தத்துக்குக் கூடவே. உங்களுக்கே அது தெரியாது. ரெண்டாவது தடவையும் தட்டுனீங்க. மெதுவா. ரொம்ப மெதுவா. அப்புறம் விரல எடுத்துட்டீங்க. நான் மெஷினக் கேக்கவே இல்ல, உங்க விரலத்தான் கேட்டேன்."

"நீ சிரிச்சியே."

"உங்களுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதுன்னு நீங்க நெனச்சுக்கிட்டு இருந்தீங்க. அப்படியே இருக்கட்டும்னு சிரிச்சேன். வேற என்ன பண்றது, அந்தம்மா வாயே தொறக்கல." மூடி இறுகிவிட்டது, மறுபடி திறந்தாள். "ஒரே ரூம்ல ரெண்டு பேரும் தனித்தனியா நின்னோம்ங்க. இன்னொரு தடவ என்னால அப்படிப் படுத்திருக்க முடியாது. நீங்க வந்து, என்ன கேக்குதோ அத வாய்விட்டுச் சொல்லுங்க. டாக்டர் சொல்றதுக்கு முன்னாடி. கம்மியா இருந்தாலும் சொல்லணும். ஒண்ணுமே கேக்கலன்னாலும் ஒண்ணும் கேக்கலன்னு சொல்லணும்."

சொல்கிறேன் என்றேன், அதன்பிறகு சட்டையை மாற்றியது நினைவிருக்கிறது, பைக்கில் அவள் ஒரு பக்கமாக உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டது, ஒவ்வொரு வேகத்தடையிலும் நான் காலை ஊன்றி ஊன்றி ஏற்றி இறக்கியது, வெயில் இறங்காத சாலையில் பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டியது. இரண்டு வருசமாக நான் காவல் காத்த ஒன்று அவளிடமே இருந்திருக்கிறது, அதைத் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனாள், தாள் திருத்தினாள், என் மெயிலைத் திருத்தினாள், தோள் வலிக்கிற மெஷினைக் கேட்டுச் சிரித்தாள், யாருக்குத் தோள் வலித்தது. மருத்துவமனை வாசலில் இடம் இருந்தது, பைக்கை நிறுத்தினேன், ஸ்டாண்ட் போடும்போது அவள் நகராமல் பக்கத்திலேயே நின்றாள். ஆணா பெண்ணா என்று சொல்லப்படமாட்டாது என்கிற பலகையின் கீழே காத்திருந்தோம், எதிரே ஒரு பெண் தண்ணீர் குடித்துக் குடித்து முகம் சுளித்தாள், நர்ஸ் "ஜெசிந்தா பெனடிக்ட்" என்றதும் எழுந்தேன். அதே அறை. அதே டாக்டரம்மா, கண்ணாடி மட்டும் புதிது. "ஹஸ்பெண்ட் இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சு வந்தாரா," என்றார். நான் கால்மாட்டுக்குப் போகப் பார்த்தேன், ஜெசிந்தா என் மணிக்கட்டைப் பிடித்துத் தலைப்பக்கம் இழுத்துக்கொண்டாள். பசை, குழாய், சாம்பல் நிறத்தில் மூட்டம் மாதிரி ஒன்று அசைகிறது, நான் அதைப் பார்க்கவில்லை, டாக்டரம்மாவின் விரல் பொத்தானுக்குப் போவதைப் பார்த்தேன். இரைச்சல். காற்று. காற்று. ஒண்ணும் கேக்கல என்று சொல்ல வேண்டும், சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன், வாயைத் திறந்தேன், அவள் பிடி இறுகியது, குழாய் ஒரு விரல் அளவு நகர்ந்தது.

வந்தது. எங்கிருந்தோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வருகிற மாதிரி வந்தது.

"சொல்லுங்க," என்றாள் ஜெசிந்தா.

"நூத்தி... நூத்தி அம்பத்தெட்டு."

டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "நூத்தி அறுபது காட்டுது."

"இல்ல மேடம், அம்பத்தெட்டுதான்," என்றேன், என்னை அறியாமல் அழுத்தமாக, அவர் மெஷினே தப்பு என்பதுபோல. ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கில் வந்தது, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, வயிறு குலுங்கியது, குழாய் வழுக்கிச் சத்தம் சட்டென்று அறுந்துவிட்டது. "சிரிக்காதீங்கம்மா, விட்டுப் போச்சு பாருங்க," என்று டாக்டரம்மா அதட்டினார். மறுபடி அந்தக் காற்று. ஜெசிந்தா கண்ணில் நீரோடு உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், "என்ன கேக்குது?" என்றாள் மெதுவாக. "ஒண்ணும் கேக்கல," என்றேன். "எனக்கும்," என்றாள். இருவரும் அப்படியே இருந்தோம், டாக்டரம்மா குழாயை இப்படியும் அப்படியும் சாய்த்துத் தேடினார். பிறகு அது கிடைத்தது. எங்களுக்காக நிற்கவில்லை, காத்திருக்கவில்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.